கண்ணாடி போடுபவருக்கு ஃபிளிப்-அப் ஹெல்மெட் சரிவருமா?

காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்குத் தினமும் பைக்கில் போகிறேன், கண்ணாடி போடுவேன், தாடைப் பகுதியை மேலே தூக்கும் ஃபிளிப்-அப் ஹெல்மெட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். முழுமுக ஹெல்மெட் என்றால் போடும்போதும் கழற்றும்போதும் கண்ணாடியைக் கையில் எடுத்தாக வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை. வேலூர் வெயிலில் சிக்னலில் நிற்கும்போது தூக்கிவிட்டு மூச்சு விடலாம், அது தனி சுகம்.

ஆனால் கீலும் பூட்டும் சேர்வதால் எடை கூடும், காற்றுச் சத்தமும் கொஞ்சம் அதிகம். கடையில் முதலில் அந்தப் பூட்டைத்தான் பார்க்க வேண்டும். மூடினால் இரண்டு பக்கமும் ஒன்றாக ‘டக்’கென்று விழ வேண்டும். கொக்கி உலோகமாக இருப்பது நல்லது. மூடியபின் ஹெல்மெட்டின் தாடைப் பகுதியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜூன் முதல் கட்டாயம், இல்லாததைத் தொடாதீர்கள். ஐரோப்பிய இ.சி.இ. சான்றும் இருந்தால் லேபிளைப் படியுங்கள். பி/ஜே (P/J) என்றால் திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் சோதித்தது. பி மட்டும் என்றால் வண்டி ஓடும்போது மூடியே இருக்கட்டும்.

அப்புறம் அளவு. கண்ணாடியோடு பத்து நிமிடம் போட்டுக்கொண்டு நில்லுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. கன்னம் அழுந்தலாம், நெற்றி வலிக்கக் கூடாது. பட்டையை மாட்டியபின், பின்பக்கத்தைப் பிடித்து முன்னோக்கித் தள்ளுங்கள். கழன்றால் ஒரு அளவு சின்னது கேளுங்கள். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நான் பெரியதாக வாங்கி, வாலாஜா பக்கம் லாரி கடந்த ஒவ்வொரு தடவையும் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு போனேன்.