கேட்டில் என்றால் எந்த மாடு?

கேள்வி: எங்களிடம் 6 கலப்பினப் பசு, 2 எருமை, 11 வெள்ளாடு இருக்கின்றன. கடனுக்குத் தந்த ஆங்கிலப் படிவத்தில் ‘கேட்டில்’ எத்தனை என்று ஒரு கட்டம். மகன் 19 என்கிறான், நான் 8 என்கிறேன். அகராதியில் மாடு, கால்நடை என்று இரண்டு பொருளும் போட்டிருக்கிறது. எதை எழுதுவது?

பதில்: எழுதுவதற்கு முன் படிவத்தை முழுக்கப் பாருங்கள் அம்மா. எருமைக்கும் ஆட்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தால் கேட்டில் கட்டத்தில் வர வேண்டியது 6 மட்டுமே. இன்றைய வழக்கில் அந்தச் சொல் பசு, காளை, எருது, கன்று எல்லாவற்றையும் சேர்த்த பசுவினத்தைக் குறிக்கும். அரசின் 2019 கால்நடைக் கணக்கெடுப்பும் அப்படித்தான் பிரிக்கிறது: பசுவினம் சுமார் 19.25 கோடி, எருமை தனியாகச் சுமார் 10.98 கோடி.

தமிழில் எருமையும் ‘எருமை மாடு’தான். குழப்பத்தின் வேர் அதில்தான் இருக்கிறது. பல வருடம் முன்பு இப்படி ஒரு படிவத்தைத் தமிழாக்கியபோது முதல் கட்டத்துக்கு ‘மாடுகள்’, அடுத்ததற்கு ‘எருமைகள்’ என்று போட்டுவிட்டேன். நிரப்பி வந்த தாள்களில் பலர் எருமையை இரண்டு கட்டத்திலும் சேர்த்திருந்தார்கள். தவறு அவர்களுடையது அல்ல, என் சொல்லுடையது. அன்றிலிருந்து ‘பசுவினம்’ என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் மகன் சொன்ன 19-க்கும் நியாயம் இருக்கிறது. இன்னும் பழைய பொருள் அது. லத்தீனில் ‘கபுத்’ என்றால் தலை. அதிலிருந்து தலையாய சொத்து, முதல் என்ற பொருளில் ‘கபிதாலே’ பிறந்தது. பிரெஞ்சு பேசிய நார்மானியர் வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது கேட்டில் என்றால் வெறும் சொத்து. அசையும் சொத்தைச் சட்டத்தில் ‘சாட்டல்’ என்பார்களே, அதுவும் வங்கிக்காரர் சொல்லும் ‘கேப்பிடல்’ என்பதும் இதன் உடன்பிறப்புகள். உழவரிடம் இருந்த பெரிய அசையும் சொத்து கால்நடைதான் என்பதால் சொல் அதன்மேல் போய் நின்றது. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் யாக்கோபு கூலியாகக் கேட்கும் புள்ளி போட்ட ஆடுகளும் கேட்டில்தான். நம் நாட்டின் 1871ஆம் ஆண்டு கேட்டில் அத்துமீறல் சட்டமோ யானை, ஒட்டகம், குதிரை, கழுதை, பன்றி, ஆடு எல்லாவற்றையும் அந்தச் சொல்லுக்குள் அடைக்கிறது. வயலில் மேய்ந்த ஆட்டைப் பவுண்டில், அதாவது அத்துமீறிய கால்நடைகளைப் பிடித்து அடைக்கும் பட்டியில், அடைக்க முடிந்தது அதனால்தான்.

தமிழிலும் மாட்டுக்குச் செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. ‘கேடில் விழுச்செல்வம் கல்வி ஒருவற்கு மாடல்ல மற்றை யவை’ என்ற 400ஆம் குறளில் வரும் மாடு அதுதான். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் தொழுவத்தைப் பார்த்து ஒரே எண்ணத்துக்கு வந்திருக்கின்றன. எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் அலுக்காத விஷயம்.

கேட்டில் என்பதற்கு ஒருமை கிடையாது. ஆங்கிலத்தில் ‘ஒரு கேட்டில்’ என்று எழுதினால் பிழை. ‘6 ஹெட் ஆஃப் கேட்டில்’, அதாவது 6 தலை என்பார்கள். நாம் ‘6 உருப்படி’ என்கிறோமே, அதேதான்.

உங்கள் படிவத்தில் கேட்டில் கட்டம் ஒன்றே ஒன்றுதான் என்றால் வெறும் எண்ணை எழுதாதீர்கள். ‘6 பசு, 2 எருமை’ என்று பிரித்து எழுதுங்கள். ஆட்டையும் சேர்க்க வேண்டுமா என்பதைப் படிவம் கொடுத்தவரிடமே கேட்டு, சேர்க்கச் சொன்னால் ‘11 வெள்ளாடு’ என்று தனியாகக் குறியுங்கள். மாடுகளின் காதில் மஞ்சள் வில்லை இருந்தால் அதிலுள்ள 12 இலக்க எண்ணையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எந்த உருப்படியைச் சொல்கிறீர்கள் என்ற சந்தேகம் யாருக்கும் வராது.