கிரிமிய வாக்கெடுப்பு: 97 சதவீதத்துக்கு என்ன பதில்?

தம்பி, திருகோணமலை விவாதப் போட்டியில் "2014இல் உக்ரேனின் பகுதியாக இருந்த கிரிமியாவில் நடந்த வாக்கெடுப்பில் 97 சதவீதம் ரஷ்யாவுக்கே விழுந்தது, பிறகு எப்படிச் செல்லாது?" என்று எதிரணி கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சதவீதத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், வாக்குச்சீட்டைப் பிடியுங்கள். அதில் இரண்டே தெரிவுகள்: ரஷ்யாவோடு சேர்வது, அல்லது உக்ரேனுக்குள்ளேயே கூடுதல் தன்னாட்சி தந்த கிரிமியாவின் 1992 அரசியலமைப்புக்குத் திரும்புவது. இருந்தபடியே இருப்போம் என்பவருக்கு அதில் இடமே இல்லை! பெப்ரவரி 27இல் ரஷ்யப் படையின் ஆயுததாரிகள் கிரிமிய நாடாளுமன்றத்தைப் பிடித்தார்கள்; மார்ச் 16இல் வாக்கெடுப்பு. மூன்று கிழமைகூட இல்லை.

"இராணுவம் இருந்தாலே செல்லாதா?" என்று மடக்கினால், இந்தோனேசியாவிலிருந்து பிரிவதா என்று 1999இல் கிழக்குத் திமோரில் நடந்த வாக்கெடுப்பைச் சொல்லுங்கள். அங்கேயும் இந்தோனேசிய இராணுவம் இருந்தது, மிரட்டலும் இருந்தது. ஆனால் நடத்தியது ஐநா, 78.5 சதவீதம் பிரிவதற்கே விழுந்தது.

சுயநிர்ணய உரிமையை மட்டும் விட்டுக்கொடுத்துப் பேசாதீர்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் அதைச் செய்யவே கூடாது. ஐநா பொதுச்சபை கிரிமிய வாக்கெடுப்பை 100க்கு 11 என்று நிராகரித்தாலும், 58 நாடுகள் ஒதுங்கி நின்றதை எதிரணி கட்டாயம் எடுக்கும். அதற்கும் தயாராகப் போங்கள்.