398 பெரிதா, 412 பெரிதா?

இரண்டாம் வகுப்புப் பையன் 412-ஐ விட 398தான் பெரியது என்று அடம் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். 9, 8 கண்ணை உறுத்துகின்றன, அவ்வளவுதான். என் மகளும் இதையேதான் சொன்னாள்.

நோட்டில் பெரியது, சிறியது என்று (>, <) குறி போடுவதை இரண்டு நாள் நிறுத்துங்கள். ஒரு தட்டில் நான்கு நூறு ரூபாய் நோட்டு, ஒரு பத்து, இரண்டு ஒரு ரூபாய்க் காசு. இன்னொன்றில் மூன்று நூறு, ஒன்பது பத்து, எட்டுக் காசு. முதலாவதில் 7 உருப்படி, அடுத்ததில் 20. அவன் கை 20 பக்கம்தான் போகும். போகட்டும். அப்புறம் அந்த ஒன்பது பத்தையும் எட்டுக் காசையும் கொடுத்து உங்களிடம் ஒரு நூறு ரூபாய் நோட்டு வாங்கச் சொல்லுங்கள். இரண்டு ரூபாய் குறையும்! என் மகள் மூன்று முறை எண்ணிவிட்டு, "அப்போ நூறைத்தான் முதலில் பார்க்கணுமா?" என்றாள். நூறு சமமானால் மட்டும் பத்துக்கு இறங்கினால் போதும்.

தமிழில் இன்னொரு வம்பு: தொண்ணூறில் 'நூறு' ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்'. அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

பேருந்து எண்ணை மட்டும் உதாரணமாக எடுக்காதீர்கள். 21ஜி-யை விட 29சி பெரிய பேருந்தா என்று கேட்பான்.