அதே ஊசி, அதே ஸ்கேன்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் பெண், குழந்தைக்காக ஐவிஎஃப் (செயற்கைக் கருத்தரிப்பு) சிகிச்சை எடுக்க லீவு கேட்கிறார். கல்யாணம் ஆகவில்லை, இன்னொரு பெண்ணோடு சேர்ந்து வாழ்கிறார். கல்யாணமான இரண்டு ஊழியர்களுக்கு இதே சிகிச்சைக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்தோம். இவருக்கும் கொடுத்தால் மற்றவர்கள் முணுமுணுப்பார்களே?
– பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்

பதில்: கொடுக்கத்தான் வேண்டும். அந்த இருவருக்கும் எதைப் பார்த்துக் கொடுத்தீர்கள்? பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு ஸ்கேன், மயக்கம் கொடுத்துக் கருமுட்டை எடுப்பது, கருவை உள்ளே வைத்தபின் நெஞ்சு படபடக்கக் காத்திருக்கும் இரண்டு வாரம். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டு, ஒன்பதரை மணிக்கு உங்கள் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட யாரால் முடியும்? இவர் உடம்புக்கும் அதே பாடுதான்.

2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், 21 முதல் 50 வயது வரையுள்ள பெண் கல்யாணம் ஆகாமலேயே இந்தச் சிகிச்சை பெற வழி விட்டிருக்கிறது. ஆனால் ஒரே பாலின இணையரைத் தம்பதியாக அது ஏற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அவர்களின் திருமணத்துக்கு அங்கீகாரம் தரவில்லை. அதனால் ஆஸ்பத்திரியில் அவர் தனிப் பெண்ணாகத்தான் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே அலையும் தோழிக்கு அந்தத் தாளில் இடமில்லை. நாடே பாதி வழியில் விட்டவரை நீங்களுமா விடுவீர்கள்?

சிகிச்சைக்கென்று மகப்பேறு பயன் தரும் சட்டத்தில் லீவு இல்லை, யாருக்குமே இல்லை. நீங்களாக விரும்பிக் கொடுத்தது அது. கொடுத்த வழக்கத்தை இவர் விஷயத்தில் மட்டும் நிறுத்தினால், அதற்குப் பெயர் பாகுபாடு. கரு தங்கிவிட்டால் கேள்விக்கே இடமில்லை: பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அந்தச் சட்டம் தாலியைக் கேட்பதில்லை.

முணுமுணுப்பைப் பற்றிச் சொல்கிறீர்கள். தோள்சீலைக்காக, மார்பை மூடும் உரிமைக்காக, நம் பாட்டிமார் அடிபட்ட மண் இது. 1859-ல், அப்போது இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு இறங்கி வரும்வரை ‘ஊர் வழக்கம்’ என்றுதான் அவர்களையும் மறித்தார்கள். அந்தப் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் நாம், இன்னொரு பெண்ணை அதே வார்த்தையால் மறிக்கலாமா?

லீவுக்கு டாக்டர் சீட்டு போதும். யாரோடு வாழ்கிறார் என்பது ஆபீசில் பேச வேண்டிய விஷயமே அல்ல. பேசுகிறவர்களை முதலில் நிறுத்துங்கள். நாளைக் காலையே அவரைக் கூப்பிட்டு, மற்ற இருவருக்கும் எத்தனை நாள் கொடுத்தீர்களோ அத்தனை நாளும் எழுத்தில் கொடுங்கள்.