டைம்டேபிள் பத்து நாள்கூடத் தாங்குவதில்லை!

கேள்வி: என் வயது 36. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், மாமியாருடன் இருக்கிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவேன். வண்டிச் சாவியைத் தேடாத காலை கிடையாது. கையில் பணம் இருந்தும் கரண்ட் பில் கட்டாமல் இரண்டு முறை ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன்பு மனநல மருத்துவர் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு) என்றார். மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு அலுவலகத்தில் பரவாயில்லை. வீட்டில்தான் எந்தப் பழக்கமும் பத்து நாளுக்கு மேல் நிற்பதில்லை. பள்ளிக் காலத்திலிருந்து எத்தனையோ டைம்டேபிள் போட்டுப் பார்த்துவிட்டேன். ‘பொறுப்பில்லாதவள்’ என்கிறார் மாமியார். எனக்கு மனவுறுதியே இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மனவுறுதி இல்லாத பெண், பள்ளிக் காலத்திலிருந்து 36 வயது வரை விடாமல் டைம்டேபிள் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். அந்தப் பழியை இன்றோடு இறக்கி வையுங்கள்.

ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில், அந்த இடத்தில் செய்ய முடியாமல் போவதுதான் பிரச்னை. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல வருடங்களாகச் சொல்லிவருவது இதைத்தான். அறிகுறிகளில் சிலவாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது இதைக் கண்டறியும் விதிகளில் ஒன்று. ஆனால், ஓடியாடித் தொல்லை கொடுக்காமல், கடைசி பெஞ்சில் கனவு கண்டபடி இருக்கும் பெண் குழந்தையை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை. அதனால்தான் உங்களைப் போல் பலருக்கு முப்பதைத் தாண்டித் தெரியவருகிறது.

உங்கள் பால் விஷயத்துக்கு வருகிறேன். பாலை அடுப்பில் வைக்கிறீர்கள். ‘பொங்க ரெண்டு நிமிஷம் ஆகுமே’ என்று குப்பையை வைக்க வாசலுக்குப் போகிறீர்கள். அங்கே மகளின் யூனிஃபார்ம் கொடியில் ஈரமாகத் தொங்குவது கண்ணில் படுகிறது. இஸ்திரி போட்டுக் காயவைக்கலாம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே வந்தால், இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருந்த பள்ளிச் சீட்டு. அதில் கையெழுத்துப் போடப் பேனா தேடும்போது தீய்ந்த வாசனை வருகிறது. இதில் ஒரு நொடிகூட நீங்கள் சோம்பி இருக்கவில்லை. கண்ணில் பட்ட ஒவ்வொன்றும், கண்ணில் இல்லாத பாலை மனதிலிருந்து தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு ‘இனிமேல் கவனமாக இருப்பேன்’ என்ற சபதம் உதவாது. விசில் அடிக்கும் பால் குக்கர் உதவும். இரட்டைச் சுவர் உள்ள பாத்திரம், நடுவில் தண்ணீர் ஊற்றுவோம். அந்தத் தண்ணீர் கொதித்ததும் விசில் வரும், பால் பொங்கி வழியாது. ஞாபகம் வைக்கிற வேலை உங்கள் தலையிலிருந்து பாத்திரத்துக்குப் போய்விடுகிறது. நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒன்றுதான்: பழக்கத்தைத் தலைக்குள் வைக்காதீர்கள், அது தேவைப்படும் இடத்தில் வையுங்கள். டைம்டேபிள் பீரோவில் ஒட்டியிருக்கிறது, பால் சமையலறையில் பொங்குகிறது. அப்புறம் அது எப்படிப் பத்து நாள் தாங்கும்?

வண்டிச் சாவியை இரவில் ஃபிரிட்ஜுக்குள், மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துப்போகும் தயிர் டப்பாவின் மேல் வைத்துவிடுங்கள். தயிரை எடுக்காமல் கிளம்ப முடியாது, சாவி தானாகக் கைக்கு வரும். கரண்ட் பில்லை ‘சம்பளம் வந்ததும் கட்டலாம்’ என்று தள்ளாதீர்கள். ரீடிங் எடுத்துத் தொகை குறுஞ்செய்தியில் வந்ததும், போனைக் கீழே வைப்பதற்குள் கட்டிவிடுங்கள். ‘இது நடந்தால் உடனே இதைச் செய்வேன்’ என்று கட்டிவைத்தால், எப்போது செய்வது என்று யோசிக்கும் வேலையே இல்லை.

வீட்டுக் கணக்கு, ஃபார்ம் நிரப்புவது போன்ற அலுப்பான வேலைகளை, மகள் வீட்டுப்பாடம் எழுதும் அதே மேசையில், அதே நேரத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். அவள் உதவ வேண்டாம், பக்கத்தில் இருந்தாலே போதும். தனியாக இருந்தால் ஓடாத வேலை, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது ஓடுவதை ஏ.டி.எச்.டி. உள்ள பலர் சொல்கிறார்கள்.

சரி, பத்து நாள் கணக்குக்கு வருவோம். லண்டனில் 96 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. 18 நாளில் வந்தவரும் உண்டு, 254 நாள் ஆகும் என்று கணக்கிடப்பட்டவரும் உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய சேதம் எதுவும் வரவில்லை. இது பொதுவானவர்களிடம் செய்த ஆய்வு. உங்களுக்கு இன்னும் கூடுதல் நாள் ஆனாலும் கவலைப்படாதீர்கள். ஒரு நாள் தவறியதும் ‘எல்லாம் போச்சு’ என்று நோட்டை மூடிவைப்பதுதான் பழக்கத்தைக் கொல்கிறது. புதன்கிழமை விட்டதா? வியாழக்கிழமை தொடருங்கள். விட்டதை ஈடுகட்ட இரண்டு மடங்கு செய்யப் போகாதீர்கள். இன்னொன்று, அலாரச் சத்தமோ சுவரில் ஒட்டிய சீட்டோ கொஞ்ச நாளில் பழகிப்போய்க் காதிலும் கண்ணிலும் படாமல் போகும். அப்போது சத்தத்தை மாற்றுங்கள், சீட்டைக் கதவுக்கு மாற்றுங்கள். இந்த மூளைக்குப் புதுசு தேவைப்படுகிறது, கொடுத்தால் என்ன?

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாலையில் அதன் வேகம் குறைகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் மட்டும் சிரமம் என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்த முறை கணவரையும் கூட்டிப்போங்கள்.

மாமியாரிடம் நோயின் பெயரைச் சொல்லி வாதாட வேண்டாம், அது இன்னும் மனதைத்தான் நோகடிக்கும். “அத்தை, விசில் சத்தம் கேட்டா அடுப்பை அணைச்சிடுங்க” என்று ஒரே ஓர் உதவி கேளுங்கள். பெரும்பாலான பெரியவர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பாத்திரக் கடைக்குப் போய் அந்தப் பால் குக்கரை மட்டும் வாங்குங்கள். ஒரு மாதம் அது ஓடட்டும். சாவியை அதற்கப்புறம் பார்க்கலாம். புது டைம்டேபிள் மட்டும் எழுதிவிடாதீர்கள்.