வளைவும் இடுக்கும் உள்ள கவசத்துக்கு எந்த அச்சு? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குழுவிடம் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய பழைய புஜகீர்த்தி (தோளில் அணியும் கவசம்) ஒரு ஜோடி இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் விழாவில் நடத்தும் பாரதக் கூத்துக்காக அதே வடிவில் இன்னும் மூன்று ஜோடி தேவைப்படுகிறது. கொலு பொம்மை செய்பவர்களைப் போலப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சு எடுத்தால் போதுமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: போதாது. பண்ருட்டிப் பக்கத்துப் பொம்மைகளுக்கு அந்த முறை ஒத்துவருவதற்குக் காரணம், அவற்றின் வடிவமே அச்சிலிருந்து தடையில்லாமல் கழன்று வரும்படி அமைந்திருப்பதுதான். கை உடம்போடு ஒட்டியிருக்கும், மடிப்புகள் ஆழமில்லாமல் இருக்கும். உங்கள் புஜகீர்த்தி தோளைச் சுற்றி வளைந்து, விளிம்பில் இலைகள் சுருண்டு, ஒவ்வோர் இலைக்கும் அடியில் ஓர் இடுக்கை வைத்திருக்கிறது. பிளாஸ்டர் அந்த இடுக்குக்குள் புகுந்து இறுகிவிட்டால், அச்சு உடைய வேண்டும், அல்லது கட்டை உடைய வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூத்து வாத்தியார் நம்பிக் கொடுத்த கிரீடத்தின் பக்க இலை ஒன்றை நான் இப்படித்தான் உடைத்தேன். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் உடைந்த துண்டைத் துணியில் முடிந்து எடுத்துப் போனது இன்றும் கண்ணிலேயே நிற்கிறது. அதனால்தான், பொருளைக் கடையில் வாங்குவதற்கு முன் வடிவத்தைப் படியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

படிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கவசத்தை மேசைமேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நேர் மேலிருந்து பாருங்கள். எந்தப் பரப்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்கிறதோ, அந்தப் பரப்பெல்லாம் மேல்நோக்கித் தூக்கும் கெட்டி அச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்துவிட்டுக் கவசத்தைச் சற்றுச் சாய்த்து மறுபடியும் பாருங்கள். ஏதோ ஒரு சாய்வில், வேறு எந்தப் பரப்பும் மறையாமல், குறிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பிளாஸ்டரே போதும். எப்படிச் சாய்த்தாலும் ஏதோ ஒரு பரப்பு மறைந்தே இருந்தால், வளைந்து உரிந்து வரக்கூடிய ரப்பர்த் தன்மையுள்ள அச்சு வேண்டும். புஜகீர்த்தி பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் சேரும்.

இதற்குச் சிலிக்கான் ரப்பரே ஏற்றது. ஆனால் பெட்டி கட்டி அதில் ஊற்றாதீர்கள். 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் உள்ள ஒரு புஜகீர்த்தியைப் பெட்டிக்குள் வைத்து ஊற்றினால் ஏழெட்டு கிலோ சிலிக்கான் காணாமல் போகும். அதே கவசத்தின்மேல் 7 மில்லிமீட்டர் கனத்துக்குத் தோல் போலப் பூசினால் ஏறத்தாழ ஒரு கிலோவில் வேலை முடியும். வலமும் இடமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருப்பதால் இரண்டுக்கும் தனித்தனி அச்சு எடுக்க வேண்டும். ஆகவே இரண்டு கிலோ என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கவசத்தின் பின்புறக் குழிவில் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் களிமண்ணை அடைத்து, முகம் மேலே இருக்கும்படி ஒரு பலகையில் படுக்க வையுங்கள். முதல் பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும். மென்மையான தூரிகையால் இலை நரம்புகளுக்குள்ளும் கண்ணாடித் துண்டுகளின் ஓரங்களிலும் குத்திக் குத்திப் பூசினால்தான் காற்றுக் குமிழி தங்காது. அது கையில் ஒட்டாமல், ஆனால் முழுவதும் இறுகாமல் இருக்கும் நிலையில் அடுத்த பூச்சைக் கொடுங்கள். இரண்டாம் பூச்சிலிருந்து, சிலிக்கானைக் கெட்டியாக்குவதற்கென்றே விற்கும் பொருளைச் சில துளிகள் சேர்த்தால் அது வழியாமல் நிற்கும். நடுவில் காடாத் துணியின் சிறு துண்டுகளைப் பதித்தால் உரிக்கும்போது கிழியாது. கடைசிப் பூச்சில் இடுக்குகளை எல்லாம் நிரப்பி, வெளிப்பக்கத்தை மழமழப்பாக்கிவிட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறந்தால் அடுத்து வரும் வெளிக்கூடு சிக்கிக்கொள்ளும்.

சிலிக்கான் தோல் தன்னந்தனியாக வடிவத்தைத் தாங்காது, துணிபோலத் தொய்ந்துவிடும். எனவே அது கவசத்தின் மேலேயே இருக்கும்போது, எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர் பட்டையால் அதன்மேல் ஒரு கூடு கட்ட வேண்டும். தோள் வளைவு ஆழமாக இருப்பதால் கூட்டை இரண்டு பாதியாகக் கட்டுங்கள். முதல் பாதி முடியும் ஓரத்தில் களிமண் சுவர் எழுப்பி, அதுவரை பட்டையைக் கட்டி, அந்தப் பாதி இறுகிய பின் சுவரை எடுத்துவிட்டு, அந்த ஓரத்தில் வாஸ்லின் தடவி, மறு பாதியைக் கட்ட வேண்டும். இரண்டும் சேருமிடத்தில் துளையிட்டு போல்ட் போட்டால் ஒவ்வொரு முறையும் சரியாகப் பொருந்தும். எடுக்கும்போது முதலில் கூடு, பிறகு சிலிக்கான். சிலிக்கானை மீண்டும் கூட்டுக்குள் வைத்துவிட்டால் அச்சு தயார்.

நகலை வார்க்க ஃபைபர் கிளாஸ் நல்லது. தேவனாம்பட்டினம் போன்ற மீனவக் குப்பங்களில் ஃபைபர் படகைப் பழுது பார்ப்பவர்களிடம் ஒரு நாள் கூட இருந்து பார்த்தால், நான் ஒரு பக்கம் எழுதுவதைவிட அதிகம் கற்றுக்கொள்வீர்கள். அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் (வெளிப்பரப்பாக அமையும் கெட்டி ரெசின் பூச்சு), அது பிசுபிசுப்பாகும்போது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள ஃபைபர் மேட் இரண்டு அடுக்கு, அதற்கு ரெசின் என்று வைத்தால், ஒரு புஜகீர்த்தி ஏறத்தாழ 300 கிராமில் அடங்கும். இரவு முழுவதும் ஆடுபவரின் தோளுக்கு இந்தக் கணக்கு முக்கியம். 100 கிராம் ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 கிராம். மே மாத வெயிலில் குறைந்த அளவே போதும். கேட்டலிஸ்டையும், இறுகுவதை விரைவாக்கும் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். திறந்த வெளியில், கையுறையோடும், ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடியோடும் வேலை செய்யுங்கள். துணி முகமூடி அந்த ஆவியைத் தடுக்காது.

இன்னொன்று. பழைய கட்டையில் ஒட்டிய ஜிகினாத் தாள் தளர்ந்திருந்தால் சிலிக்கான் அதை உரித்துக்கொண்டு வந்துவிடும். பின்புற ஓரத்தில் நாணயம் அளவு இடத்தில் பூசி, உரித்துப் பாருங்கள். தாள் வந்துவிட்டால் அந்தக் கவசத்தைத் தொடவே வேண்டாம். அளவெடுத்துக் களிமண்ணில் புதிதாக ஒன்று செய்து, அதிலிருந்து அச்சு எடுங்கள். நேரம் கூடுதலாகும்தான், ஆனால் முன்னோர் செதுக்கியது முழுதாக இருக்கும்.

கேள்வி: பள்ளி நாடகத்துக்கு 20 மார்புக் கவசங்கள் வேண்டும். செலவு குறைவாகவும், மாணவர்களே செய்யும்படியும் ஒரு வழி சொல்லுங்கள்.
– ஆசிரியை, வில்லியனூர்

பதில்: ரெசின் வேண்டாம், காகிதமே போதும். உங்கள் ஊரின் சுடுமண் கைவினையும், பக்கத்துத் திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினையும் புவிசார் குறியீடு பெற்றவை. இரண்டையும் சேர்த்தாலே உங்கள் வேலை முடிந்துவிடும்.

மூலக் கவசத்தைக் களிமண்ணில் நீங்களே வடிப்பதால், இடுக்கே வராதபடி அதை அமைக்கும் உரிமையும் உங்களிடம் இருக்கிறது. மார்பும் வயிறும் மட்டும் ஓர் அச்சு. உள்ளே வளையும் தோள்பட்டையைத் தனித் துண்டாகச் செய்து பிறகு நாடாவால் கட்டுங்கள். சிங்கமுகம் போன்ற புடைப்பு வேண்டுமென்றால் அதற்கும் தனியாக ஒரு சிறு அச்சு செய்து, கடைசியில் ஒட்டுங்கள். பிளாஸ்டர் கரைக்கும்போது 7 பங்கு தண்ணீரில் 10 பங்கு பொடியை, எடைக் கணக்கில், தூவித் தூவிச் சேர்த்து, அது தானாக ஊறிய பின் கலக்க வேண்டும். பொடியின்மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். கடலோரக் காற்றில் பிரித்து வைத்த பழைய மூட்டை ஈரம் வாங்கி வலுவிழந்திருக்கும், புது மூட்டையே வாங்குங்கள்.

நன்றாகக் காய்ந்த அச்சுக்குள், பசையே இல்லாமல் தண்ணீரில் நனைத்த காகிதத்தை முதல் அடுக்காக ஒட்டுங்கள். அதுதான் கவசம் அச்சைப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும். அதற்குமேல் மைதாப் பசையோடு, செய்தித்தாள் ஓர் அடுக்கு, பழுப்புத் தாள் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி ஒட்டினால், ஓர் அடுக்கில் எங்கே விடுபட்டது என்று பிள்ளைகளுக்கே நிறம் காட்டிக்கொடுக்கும். எட்டு அடுக்கு போதும். பூச்சி அரிக்காதிருக்கப் பெரியவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு என்பதால் மாணவர்கள் கைபடும் இடத்தில் வேண்டாம். நம் பாட்டிமார் காகிதக்கூழ்க் கூடைக்கு அரைத்துச் சேர்த்த வெந்தயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கவசம் காய ஒரு வாரம்கூட ஆகலாம். நாடகத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய எண்ணெய்க் களிமண்ணில் சிங்கமுகம் செய்து சிலிக்கான் ஊற்றினேன். மேல்பக்கம் இறுகிவிட்டது, களிமண்ணைத் தொட்ட பக்கம் மூன்று நாளாகியும் பசையாகவே இருக்கிறது. ஏன்?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: நீங்கள் வாங்கியது பிளாட்டினத்தால் இறுகும் வகைச் சிலிக்கானாக இருக்க வேண்டும். எண்ணெய்க் களிமண் பலவற்றில் கந்தகம் உண்டு; கந்தகம் பட்டால் அந்தச் சிலிக்கான் எத்தனை நாளானாலும் இறுகாது. லேடெக்ஸ் கையுறையால்கூட இதே கோளாறு வரும், ஆகவே நைட்ரைல் கையுறை அணியுங்கள். அந்த அச்சைக் காப்பாற்ற வழியில்லை. அடுத்த முறை கந்தகம் இல்லாத களிமண்ணைக் கேட்டு வாங்குங்கள், அல்லது வெள்ளீயத்தால் இறுகும் வகைச் சிலிக்கானைப் பயன்படுத்துங்கள். பிந்தையது காலப்போக்கில் சற்றுச் சுருங்கும், ஆனால் மேடைக் கவசத்துக்கு அது ஒரு பொருட்டன்று. எதை வாங்கினாலும் டப்பாவில் அச்சிட்ட விகிதத்தைத் தராசில் நிறுத்துக் கலந்துகொள்ளுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

கேள்வி: முழங்காலுக்குக் கீழே அணியும் கவசம் காலோடு பொருந்த வேண்டும். காலைப் பிளாஸ்டரில் முக்கி அச்சு எடுக்கலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கூடவே கூடாது. இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். கனமான திரளாக இருந்தால் 60 டிகிரி செல்சியஸ் வரை போகும், அப்போது காலை வெளியே எடுக்கவும் முடியாது. விரல்களையே இழந்த விபத்துகள் உண்மையில் நடந்திருக்கின்றன.

பிளாஸ்டர் பட்டையை மூன்று நான்கு அடுக்கு மட்டும், காலின் முன்பாதியில் மட்டும் ஒட்டுங்கள். அதற்குமுன் ரோமம் படியும்படி வாஸ்லினை நன்றாகத் தடவுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தசையைச் சற்று அசைத்தால் தானே விடுபடும். அந்த ஓட்டுக்குள் வாஸ்லின் தடவிப் பிளாஸ்டர் ஊற்றினால் உங்கள் காலின் வடிவம் கையில் கிடைக்கும். கவசத்தை அதன்மேல் களிமண்ணில் வடியுங்கள். உள்ளே பஞ்சுத்துணி வைப்பதற்காக முதலில் 5 மில்லிமீட்டர் கனத்துக்குக் களிமண்ணைப் பரப்பிக்கொள்ளுங்கள். மேல் விளிம்பை முடிவு செய்யும் முன், ஆடுபவரை ஒருமுறை மண்டியிடச் சொல்லி, முழங்கால் மடியும் கோட்டைப் பேனாவால் குறித்து, அதற்கு இரண்டு விரற்கடை கீழே நிறுத்துங்கள்.