கலிவிக்கோடியைப் பார்க்க எங்கே நிற்பது?

கேள்வி: ஆந்திராவில் கலிவிக்கோடி (Jerdon's Courser) என்ற அரிய இரவுப் பறவையின் குரல் 2025-ல் மறுபடி பதிவானதாகப் படித்தேன். பறவை பார்க்கும் நண்பர்கள் நால்வர் காரில் கடப்பா கிளம்புகிறோம். எந்த இடத்தில் நிற்கலாம்? போனில் அதன் குரலைப் போட்டால் வெளியே வருமா?
– வாசகர், திருவள்ளூர்

பதில்: இடத்தைச் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜெர்டன் கண்டெடுத்து, 1848-ல் பிளைத் என்ற விலங்கியலாளர் விவரித்த பறவை. 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால் அழிந்தே போனதென்று முடிவுகட்டிவிட்டார்கள். 1986 ஜனவரியில் கடப்பா பக்கம் ரெட்டிப்பள்ளியில் ஐத்தன்னா என்ற ஊர்க்காரர், இரவில் டார்ச் வெளிச்சத்தில் அதைப் பிடித்தார். பாவம், அந்தப் பறவை பிழைக்கவில்லை. அந்த இனத்தைக் காப்பாற்றத்தான் அங்கே ஸ்ரீலங்கமல்லேஸ்வரா சரணாலயமே வந்தது.

பிறகு அதைத் தேடியவர்களில் நம் பறவை ஆய்வாளர் ப. ஜெகநாதனும் ஒருவர். அவர்கள் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். புதர்களுக்கு நடுவே மெல்லிய மண்ணைப் பட்டையாகப் பரப்பிவிட்டு, பிற்பாடு போய்க் கால்தடம் பார்ப்பார்கள். மூன்று விரலும் முன்பக்கம், பின்விரல் கிடையாது. கண்கிலேடி என்ற இன்னொரு பறவைக்கும் அப்படித்தான் என்பதால் தடத்தின் அளவையும் பார்க்க வேண்டும். பறவையைத் தொடாமல், துரத்தாமல் அது எங்கே நடமாடுகிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

ஒலி போடுவது வேண்டவே வேண்டாம். ஆய்வாளர்களும் போட்டார்கள், ஆனால் அனுமதி வாங்கி, கணக்கெடுப்புக்காக அளவோடு. மிச்சம் எத்தனை இருக்கிறது என்றே தெரியாத ஒரு பறவையை, வருகிறவர்கள் எல்லாம் இரவு முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அது எப்போது இரை தேடும்?

இன்னொன்று, அது செம்மரக் காடு. தமிழ்நாட்டு நம்பர் பிளேட் வண்டியோடு ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு நின்றால் வனத்துறையினர் கடத்தல்காரர்கள் என்றுதான் நினைப்பார்கள். முதலில் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். கொடுத்தால் பகலில் போய் அந்தப் புதர்க்காட்டை நிதானமாகப் பாருங்கள். இடையிடையே வெறும் தரை தெரியும் பரட்டைப் புதர்கள்தான் அதன் வீடு. கல் குவாரிக்கும் கால்வாய்க்கும் அழிவது அதுதான்.

இருட்டிய பிறகு ஊரோரத்தில் இருக்கும்போது இரண்டு சுரமாக ஒரு குரல் திரும்பத் திரும்பக் கேட்டால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதை வனத்துறைக்கும் ஆய்வாளர்களுக்கும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் லொகேஷன் மட்டும் போடாதீர்கள்.